ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்

அத்தியாயம் 4

பொய் சொல்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு என்பது எங்கள் பெட்டியம்மாவின் கட்சி. ஒரு ரகத்துக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. இன்னொரு ரகத்துக்கு எல்லாமே நிமிடச் சுத்தமாக ஞாபகம் இருக்கும். முதல் ரகத்தை ஒரு டீ வாங்கிக் கொடுத்து மன்னித்துவிடலாம் என்பார். அன்று காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்த பெண்ணின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் இரண்டாவது ரகத்தின் கைவரிசை இருந்தது.

'தூரம் 1,173 கிலோமீட்டர். விமான நேரம் 1 மணி 58 நிமிடம்.'

பெட்டியம்மா என்பது அவருடைய பெயர் இல்லை. விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் மேஜையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்ததற்கு ஊர் வைத்த பட்டம். அதே இடத்தில் பதினொரு வருடம் பெட்டி தூக்கி, இடுப்பு கழன்று, வெளியே வந்தவன் நான். என்னை டிராலி என்பார்கள். மேடம் ராஜினாமா செய்து இந்த அலுவலகத்தைத் திறந்தபோது ஒட்டிக்கொண்டேன். மூளை அவருடையது. வாய் என்னுடையது.

"யாரும்மா காணோம்?" என்றார் மேடம்.

"என் மாமனார். முந்தாநாள்லேர்ந்து."

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை என்றாள். நகக்கண்களில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. மாமனாருக்கு வயது எழுபத்து நாலு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் முந்நூறு வண்டிகளின் நேரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது மறதி நோய். சாப்பிட்டது மறந்துவிடும். பழைய பஸ் நேரம் மட்டும் மறக்காது.

"ஆறு மாசம் எங்க வீடு, ஆறு மாசம் நாத்தனார் வீடுன்னு பேச்சு," என்றாள். "எங்க வீட்டுல இருபது மாசமா இருக்கார்."

"ஆறு எப்படிம்மா இருபது ஆச்சு?"

"ஒவ்வொரு தடவையும் அவங்க வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு சொல்வாங்க."

"இருபது மாசப் பெயிண்ட்டா?" என்றேன். "சுவர் தடிச்சுப் போய் வீட்டுக்குள்ள ஆள் நுழைய இடமே இருக்காதே."

அவள் சிரிக்கவில்லை. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"கடைசியா என் வீட்டுக்காரர், நானே கொண்டு விட்டுட்டு வரேன்னு கிளம்பினார். காலையில பத்தரை மணி விமானம். ஒரு மணிக்கு போன் பண்ணினார். அக்கா ஊர்ல இறங்கி, வெளியில வந்து டாக்சிக்கு நின்னாங்களாம். பையை எடுக்கத் திரும்பினாராம். திரும்பிப் பாத்தா மாமாவைக் காணோமாம்."

"இப்ப உங்க வீட்டுக்காரர் எங்க தேடிட்டு இருக்கார்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுல இருக்கார். நேத்து சாயங்காலமே வந்துட்டார். ஆபீஸ்ல லீவு இல்லையாம். நாத்தனார் அங்க போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு தேடறாங்கன்னு சொன்னார்."

"லீவு இல்லேன்னா இன்னைக்கு ஆபீஸ் போயிருக்கணுமே?"

"அலுப்பா இருக்குன்னு படுத்திருந்தார்."

பெற்ற அப்பனைத் தெரியாத ஊரில் தொலைத்துவிட்டு, மறுநாளே வீட்டுக்கு வந்து அலுப்பு தீரப் படுத்திருக்கிறான். நாய்க்குட்டி தொலைந்தால்கூட நாலு நாள் தெருத் தெருவாக அலைகிற ஜனங்களை எனக்குத் தெரியும்.

"அடையாளம் ஏதாவது?" என்றார் மேடம்.

"அஞ்சு சட்டை கொண்டு போனார். அஞ்சுலயும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூல்ல என் போன் நம்பரைத் தைச்சிருக்கேன். முன்னாடி ரெண்டு தடவை தெருவுல வழி தவறிட்டார். ரெண்டு தடவையும் யாரோ பாத்துட்டு அரை மணி நேரத்துல போன் பண்ணிட்டாங்க. இப்ப ரெண்டு நாளாச்சு மேடம். ஒரு போன்கூட வரல. அதான் பயமா இருக்கு. மூணு வேளையும் எடுத்துக் கையில கொடுத்தாதான் மாத்திரை போடுவார். ஒரு நாள் விட்டாலே தலை சுத்தி விழுந்துடுவார்."

"இந்தக் கணக்கு?" மேடம் துண்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அவர் சொன்னதுதான். நான் விமானத்துல போனதே இல்லை. எவ்வளவு தூரம்னு கேட்டேன், கடகடன்னு சொன்னார். சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். அதே கடகட. ஒரு நிமிஷம்கூட மாறல. மனசுல ஏதோ உறுத்திச்சு, எழுதி வெச்சேன்."

மேடம் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போகலாம்."

மூன்றாவது மாடி. கதவு திறந்ததுமே எலுமிச்சை வாசம் மூக்கில் அடித்தது. பூச்சி மருந்து மாதிரி அடிக்கிற அந்த டப்பா வாசனை. ஆளைத் தொலைத்துவிட்ட வீடு இப்படி மணந்து நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்த தவப்புதல்வன் குளித்து, தலை வாரி, பவுடர் பூசியிருந்தான். இனி இந்தக் கதை முடியும்வரை அவனுக்கு இதுதான் பெயர். இதைவிடப் பொருத்தமான பெயர்கள் எனக்குத் தெரியும். ஆனால் அச்சில் வராது.

"யார் இவங்க?"

"மாமாவைத் தேடிக் கொடுக்க வந்திருக்காங்க," என்றாள் அவள்.

"அதான் அக்கா போலீஸ்ல கொடுத்திருக்காளே. இதெல்லாம் எதுக்கு தண்டமா?"

அவள் உள்ளே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பால்கனியை ஒட்டிய சின்ன அறை. தரை இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கட்டில் கிடந்த இடத்தில் ஒரு மேஜையும், மேஜை மேல் கம்ப்யூட்டரும் குடியேறியிருந்தன.

"காலையில நான் போறப்ப கட்டில் இருந்துச்சே," என்றாள் மெதுவாக.

"வாடை தாங்கல. கழுவி விட்டேன். அப்பா வந்தா மறுபடி மாட்டிக்கலாம்."

நான் குனிந்து பார்த்தேன். கட்டிலின் திருகாணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்று முடிச்சு போட்டு வைத்திருந்தான்.

"மூணு முடிச்சா?" என்றேன். "சீக்கிரமா வந்துடுவார்னு ரொம்ப நம்பிக்கையோட இருக்கீங்க சார்."

"இந்த ஆள் யாரு?"

"என் அசிஸ்டென்ட். வாய் நீளம், கை சுத்தம்," என்றபடி மேடம் அழைப்பை எதிர்பாராமல் சோபாவில் உட்கார்ந்தார். "நாலஞ்சு கேள்விதான். பத்தரைக்கு விமானம். எத்தனை மணிக்கு இறங்கினீங்க?"

"பன்னெண்டு இருபத்தெட்டு. தூரம் ஆயிரத்து நூத்து எழுபத்து மூணு கிலோமீட்டர். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்."

"பைலட்கூட இவ்வளவு சுத்தமா சொல்ல மாட்டார். போர்டிங் கார்டு?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்பா விமானத்துல பயந்தாரா?"

"ஏறும்போது ஒண்ணும் இல்லை. இறங்கும்போதுதான் காது அடைச்சுது. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, 'எவன்டா ஹாரன் அடிக்கிறான், வண்டியை ஓரம் கட்டு'ன்னு கத்த ஆரம்பிச்சுட்டார். அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. மானம் போச்சு."

அதைச் சொல்லும்போது அவன் முகம் நிஜமாகவே சுருங்கியது. அதுவரை வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பெல்ட் அவரே மாட்டிக்கிட்டாரா?"

"எங்க? நான்தான் மாட்டி விட்டேன்."

"எத்தனை தடவை?"

"எத்தனை தடவைன்னா? ஒரு தடவைதான். ஏறினதும் மாட்டினேன், இறங்கினதும் கழட்டினேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இல்லை இல்லை. சும்மா." மேடம் எழுந்தார். "கொஞ்சம் கை கழுவிக்கலாமா?"

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கை கழுவுவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை தவப்புதல்வன் தன் தாடையைத் தடவியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த மேடம், ஒரு காகிதக் கைக்குட்டையில் எதையோ சுற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

"என்ன மேடம் அது?" என்று கண்ணாலேயே கேட்டேன்.

"தலைவலி மாத்திரை," என்றார். அவருக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை. "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறோம்" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என்னை மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மேடம், இவன் விமானமே ஏறலை," என்றேன். "அப்பாவை இந்த ஊர்லயே எங்கேயோ தள்ளிட்டு வந்து கதை விடறான்."

"ஏறினான் டிராலி. அந்த ஹாரன் கதையைக் கற்பனை பண்ண அவனுக்கு மூளை பத்தாது. நீ பதினோரு வருஷம் பெட்டி ஏத்தினியே. அவன் அக்கா ஊருக்கு நேரா போற விமானத்துல எத்தனை பெட்டி ஏத்தியிருக்கே?"

யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் மண்டையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒன்றுகூட இல்லை. அந்த ஊருக்கு இங்கிருந்து நேர் விமானமே கிடையாது. எல்லாப் பெட்டியும் நடுவில் இருக்கிற ஊருக்குப் போய், அங்கே வேறு விமானம் மாறித்தான் போகும்.

"அப்ப இந்த ஒரு மணி ஐம்பத்தெட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

மேடம் தன் போனைக் காட்டினார். இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தால் தூரமும் விமான நேரமும் சொல்கிற ஒரு பக்கம். அதில் 1,173 கிலோமீட்டர், 1 மணி 58 நிமிடம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"எந்த ரெண்டு ஊரைப் போட்டாலும் இது பதில் சொல்லும். நடுவுல விமானம் ஓடுதா இல்லையான்னு இதுக்குக் கவலையே இல்லை. வரைபடத்துல நேர்கோடு போட்டு, தூரத்தை எண்ணூறால வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணியைக் கூட்டிக் கொடுத்துடும். காக்காவுக்குப் போட்ட கணக்கு இது. நிஜத்துல நடு ஊருக்கு ஒரு மணி பத்து நிமிஷம். அங்க அஞ்சு மணி நேரம் தேவுடு காக்கணும். அப்புறம் இன்னொரு விமானம், ஒரு மணி இருபது நிமிஷம். பத்தரைக்குக் கிளம்பினவன் அக்கா ஊர்ல இறங்கறப்ப சாயங்காலம் ஆறு மணி."

"ஆனா ஒரு மணிக்கே பொண்டாட்டிக்குப் போன் பண்ணி அப்பாவைக் காணோம்னு சொல்லியிருக்கான்."

"அப்ப அவன் எங்க இருந்தான்?"

"நடு ஊர்ல!"

"பெல்ட் எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"தூரமும் நேரமும் கேப்பாங்கன்னு பாடம் பண்ணி வெச்சிருந்தான். பெல்ட்டைக் கேப்பாங்கன்னு நினைக்கலை. அதனால உண்மை தானா விழுந்துடுச்சு. அந்தப் பெரியவர் ஒரே ஒரு விமானம்தான் ஏறியிருக்கார்." மேடம் அதற்குள் ஒரு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "தொலைஞ்ச பெட்டியைப் போய்ச் சேர வேண்டிய ஊர்ல தேடறவன் முட்டாள். மாத்தற இடத்துல தேடணும்."

மறுமுனையில் எடுத்தவர் மீசை. நடு ஊர் விமான நிலையத்தில் இதே தொலைந்த பெட்டி மேஜைக்காரர். இருவரும் பத்தொன்பது வருடமாகப் போனில் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மீசை இருக்கிறதா என்பதுகூட எங்களுக்கு உறுதியாகத் தெரியாது.

"சொல்லுங்க மேடம். என்ன கலர் பெட்டி?"

"பெட்டி இல்லை மீசை. ஆள்," என்று மேடம் விவரம் சொன்னார்.

"பத்து நிமிஷம் கொடுங்க" என்று மீசை போனை வைத்தார்.

மறுபடி மேலே போனோம். மேடம் அந்தப் பெண்ணிடம், "உங்க நாத்தனாருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல," என்றார்.

"எதுக்கு? அவ வேலையா இருப்பா," என்று தவப்புதல்வன் பாய்ந்தான். அதற்குள் மணி அடித்து, எடுத்தாகிவிட்டது.

"அண்ணி, போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"எந்த போலீஸ்?" என்றது ஒரு கொட்டாவிக் குரல்.

"மாமாவைத் தேடறதுக்கு நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னு..."

"இங்க பாரு. உன் புருஷன் உன்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் முதல் நாளே கூட்டிட்டு வராதேன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். வீட்டுல விருந்தாளிங்க. அவன் அப்பாவைக் காணோம்னான், சரின்னேன். அவ்வளவுதான். என்னை இதுல இழுக்காதீங்க."

போன் வைக்கப்பட்டது. 'அப்பா எப்படி இருக்கார், கிடைச்சாரா' என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எத்தனையோ சண்டையைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி நாறுவதை அன்றுதான் பார்த்தேன்.

"இந்த ஊர்லேர்ந்து உங்க அக்கா ஊருக்கு நேர் விமானமே கிடையாது," என்றார் மேடம் அவனிடம், சாதாரணமாக. "நடு ஊர்ல என்ன நடந்துச்சு?"

அவன் மனைவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"நான் என்ன பண்ணுவேன்? நடு ஊர்ல இறங்கினதும் அக்காவுக்குப் போன் பண்ணேன். கூட்டிட்டு வராதேன்னுட்டா. திரும்பிக் கூட்டிட்டு வரவும் தெம்பு இல்லை. அந்த நேரத்துல மூளை வேலை செய்யல. டீ வாங்கிட்டு வரேன், உக்காருங்கன்னு சொல்லிட்டு எழுந்தேன். அப்படியே வெளியில வந்துட்டேன். ஒரு நிமிஷ புத்திக் கோளாறு. சத்தியமா ஒரே நிமிஷம்தான்."

அவன் மனைவி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் கொஞ்சம் இளகியது. இருபது மாதம் ராத்திரி தூக்கம் இல்லாமல் இருந்தால் எவனுக்கும் ஒரு நிமிடம் புத்தி பிசகலாம் அல்லவா?

மேடத்தின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"இருக்கார் மேடம்," என்றார் மீசை. "இங்க மெடிக்கல் ரூம்ல. ரெண்டு நாளா இருக்கார்."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை?"

"நல்லா இருக்கார்மா. பையில மாத்திரை டப்பா இருந்துச்சு, டாக்டர் பாத்துக் கொடுத்திருக்கார். பேரு கேட்டா வேளைக்கு ஒண்ணு சொல்றார். கையில டிக்கெட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ரெண்டு தடவை வண்டி வந்துச்சு. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கிறார். மைக்ல எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்தாங்களாம், யாரும் வரல."

"காலர்ல என் நம்பர் இருக்கே! யாரும் பாக்கலையா?"

"நம்பரா? ஒரு நம்பரும் இல்லையேம்மா. இருங்க." துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. "காலர் உள்பக்கம் ஊசி போட்ட ஓட்டை வரிசையா இருக்கு. நூல் இல்லை. பையில இருக்கிற நாலு சட்டையிலயும் இதே மாதிரிதான் இருக்கு."

மேடம் தவப்புதல்வனைப் பார்த்தார்.

"துவைச்சதுல போயிருக்கும்," என்றான் தவப்புதல்வன். அழுகை நின்றிருந்தது.

மேடம் கைப்பையைத் திறந்து, அந்தக் காகிதக் கைக்குட்டையை மேஜை மேல் வைத்துப் பிரித்தார். பழைய காலத்து ஷேவிங் பிளேடு ஒன்று. அதன் ஓட்டையிலும் விளிம்பிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு நூல் சிக்கியிருந்தது.

"மெஷின்ல முகம் மழிக்கிற வீட்டுல இது எதுக்குன்னு பாத்தேன். சோப்பு டப்பாவுக்கு அடியில இருந்துச்சு," என்றார். "அஞ்சு சட்டை. சட்டைக்கு பத்து எண். அம்பது எண்ணையும் துணி கிழியாம, ஒவ்வொண்ணா அறுத்து எடுத்திருக்கீங்க. உங்க அக்கா முதல் நாளே வராதேன்னு சொன்னதும், கிளம்பறதுக்கு முன்னாடி, இந்த வீட்டுல உக்காந்து. ஒரு நிமிஷ புத்திக் கோளாறுக்கு இவ்வளவு பொறுமை வராது சார்."

அவன் பிளேடை எடுக்கக் கை நீட்டினான். மேடம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நடு ஊர்ல தொலைஞ்சார்னு சொல்லியிருந்தா அரை மணியில கிடைச்சிருப்பார். அதனாலதான் ஊரையே மாத்திச் சொன்னீங்க. பண்ணின தப்பை மறைக்கப் பொய் சொல்றவனை நிறையப் பாத்திருக்கேன். ஆள் கிடைச்சுடக் கூடாதுன்னு பொய் சொல்றவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நீங்க ஒரு நாள் வெச்சுப் பாருங்க தெரியும்!" என்று கத்தினான். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "விடிய விடிய பஸ் டைம் சொல்வார். படுக்கையெல்லாம் நாசம் பண்ணுவார். எத்தனை நாள்தான் தாங்கறது?"

"யாரு தாங்கினது?" என்றாள் அவன் மனைவி. அவள் குரல் உயரவே இல்லை. "படுக்கையை மாத்தினது நான். குளிப்பாட்டினது நான். இருபது மாசத்துல ஒரு நாள் அவர் கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? இந்தக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்ததைத் தவிர என்ன பண்ணினீங்க?"

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். மூஞ்சியில் ஊற்றப் போகிறாள் என்று ஆசையோடு பார்த்தேன். ஊற்றவில்லை. கொண்டு போய் சிங்க்கில் கொட்டிவிட்டு வந்தாள். அந்தத் தண்ணீர்கூட அவனுக்கு அதிகம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"மேடம், பெரியவர் பக்கத்துலதான் இருக்கார்," என்றார் மீசை. "பேசறீங்களா?"

அவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான்தான்."

"யாரு, டிப்போவா?" என்றது கம்பீரமான ஒரு குரல். உடம்பு தளர்ந்தும் அதிகாரம் தளராத குரல். "சொல்லுங்க."

"டிப்போ இல்லை மாமா. மருமக பேசறேன். ஏன் மாமா அவங்ககூட ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிறீங்க?"

"எப்படிம்மா போக முடியும்? பையன் டீ வாங்கப் போயிருக்கான். வந்து பாத்துட்டு என்னைக் காணோம்னா தவிச்சுப் போயிடுவான்ல?"

நான் தவப்புதல்வனைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். அவன் மேடத்தின் பக்கம் சாய்ந்து, ரகசியக் குரலில், "போலீசுக்குப் போவீங்களா?" என்று கேட்டான்.

பதினொரு வருடத்தில் எத்தனையோ பெட்டி தூக்கியிருக்கிறேன். உள்ளே அழுகிப் போன பண்டம் ஒழுகி, சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. அப்போதெல்லாம் வந்த அருவருப்பு இதில் கால்வாசிகூட இருக்காது.

"கீழ இறங்கினதும் முதல் வேலை அதுதான்," என்றார் மேடம்.

"ரெண்டு நாளாச்சு மாமா," என்றாள் அவள் போனில். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, குரலில் அதைக் காட்டவில்லை. "அவர் இன்னும் வரல இல்ல?"

"லேட்டுதான். லேட்டு வேற, கேன்சல் வேறம்மா. கேன்சல்னா தகவல் வரணும். தகவல் வரல. அப்ப வண்டி வந்துட்டு இருக்குன்னு அர்த்தம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷனை ஒரு தடவை, மேலிருந்து கீழ்வரை, தேய்க்கத் தேய்க்கத் தெளியாத லென்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டு போனாள்.

"தகவல் வந்துடுச்சு மாமா. அந்த வண்டி கேன்சல்."

மறுமுனையில் சத்தம் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"மாத்து வண்டி விட்டிருக்காங்களா?" என்றார் பெரியவர் கடைசியில்.

"விட்டிருக்காங்க. நான் வரேன்."

"எத்தனை மணிக்கு?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் எந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் வாயில் புழங்கின நேரம். "ரெண்டே காலுக்கு விமானம். ஒரு மணி பத்து நிமிஷம்," என்றார்.

"மூணு இருபத்தஞ்சு மாமா."

மறுமுனையில் அவர் யாரிடமோ பேனா கேட்பது காதில் விழுந்தது. மீசையின் பேனாவாகத்தான் இருக்கும்.

"மூணு இருபத்தஞ்சு," என்றார். "எழுதிக்கிட்டேன்."